ரங்கசாமியின் மைத்துனர்கள்

பெருமாளை "அத்திம்பேரே!" என்று உறவு கொண்டாடிக் கூப்பிடுகிற ஜனங்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தாண்டுங்கள். ஆசனூர் வழியாகச் சாமராஜநகர் போய்ச் சேர்ந்தால் கிழக்கே நீலமாக ஒரு மலைத்தொடர் தெரியும். அதுதான் பிலிகிரி ரங்கன் மலை. 'பிளி' என்றால் கன்னடத்தில் வெள்ளை. வெளுத்த பாறை ஒன்று செங்குத்தாக நிற்கிறது. அதன் உச்சி விளிம்பில் ரங்கநாதர் கோயில். ஸ்ரீரங்கத்தில் சுகமாகப் பள்ளிகொண்டிருப்பவர் இங்கே நின்றுகொண்டிருக்கிறார். அவருக்குக் காணிக்கையாக வந்த தோல் செருப்புகளைப் பார்த்தால் குழந்தைகள் வாயைப் பிளப்பார்கள். அவ்வளவு பெரிசு! ராத்திரியெல்லாம் காட்டைச் சுற்றி வருகிறாராம். செருப்பு தேய்ந்து போகிறதாம். ஆகவே புதுசு செய்து கொடுக்கிறார்கள்.

இந்த ரங்கநாதர் குசுமாலை என்ற மலைஜாதிப் பெண்ணின் மீது ஆசைப்பட்டு மணந்துகொண்டார் என்பது மலையில் வழங்கும் கதை. நம் வள்ளி கல்யாணத்தைப் போலத்தான். அந்தப் பெண்ணைப் பெற்ற குலத்தாருக்குச் சோலிகர் என்று பெயர். தமிழ்நாட்டுப் பக்கம் தாளவாடி, பர்கூர் மலைகளில் உள்ள அவர்களுடைய பந்துக்களை நாம் சோளகர் என்கிறோம். மைத்துனர் முறை ஆகிவிட்டபடியால் சோலிகர்களுக்குப் பெருமாளிடம் பயம் கிடையாது. 'ரங்க பாவா' என்கிறார்கள். பாவா என்றால் அக்காள் புருஷர்!

அக்காளைக் கட்டிக் கொடுத்த வீட்டில் மைத்துனர்களுக்கு இடம் உண்டா, இல்லையா? இதுதான் அந்த மலையில் ஐம்பது வருஷமாக நடக்கிற வழக்கு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சமையலறைச் சாமான்கள் கூட இந்த வழக்கில் சாட்சிக்கு வரப்போகின்றன.

கோடு போட்ட காடு

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது வந்திராவிட்டால் நம் பேரக் குழந்தைகள் புலியைப் படத்தில்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1974-ல் பிலிகிரி ரங்கன் மலையை வனவிலங்குச் சரணாலயம் ஆக்கினார்கள். 1987-ல் அதன் எல்லையை விஸ்தரித்து ஏறக்குறைய 540 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். அடிவாரத்தில் முள்ளுக் காடு. ஏற ஏறத் தேக்கும் வேங்கையும் நிற்கும் இலையுதிர் காடு. உச்சியில் பனி படர்ந்த சோலையும் புல்வெளியும். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கை கோக்கிற இடம் அது. யானையும் காட்டெருமையும் இந்தப் பாலத்தின் மேல்தான் இங்குமங்கும் போய் வருகின்றன.

காட்டுக்குக் கோடு போட்டவர்கள் அதற்குள் இருந்த ஜனங்களை என்ன செய்வது என்று யோசித்தார்கள். சோலிகர்கள் அதுவரை காட்டில் ஒரு துண்டைத் திருத்தி, கேழ்வரகு விதைத்து, சில வருஷம் கழித்து அதை விட்டுவிட்டு வேறிடம் போவார்கள். விட்ட இடத்தில் காடு மறுபடி வளர்ந்துவிடும். இனி அப்படிச் செய்யக் கூடாது என்றார்கள். வேட்டை கூடாது. காட்டில் நெருப்பு வைக்கக் கூடாது. சிதறிக் கிடந்த குடிகளைப் பாதை ஓரமாகவும் காட்டு விளிம்பிலும் கொண்டுவந்து குடியேற்றினார்கள். இந்தக் குடியிருப்புகளுக்குப் 'போடு' என்று பெயர். இன்று 60-க்கு மேற்பட்ட போடுகளில் சுமார் 16,000 சோலிகர்கள் இருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. வெள்ளைக்காரன் காலத்தில் மலைக்கு மேல் போட்ட காப்பித் தோட்டங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றை யாரும் பாதை ஓரத்துக்கு நகர்த்தவில்லை.

வேட்டையும் விவசாயமும் போன பின் சோலிகர்களுக்குப் பிழைப்பு என்ன? இப்போது உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஊறுகாய் ஜாடியில் நெல்லிக்காய். குளியலறையில் சீயக்காய், பூந்திக்கொட்டை. மருந்து குழைக்க மலைத்தேன். குருமாவுக்கு மணம் கூட்டக் கல்பாசி. இவற்றையெல்லாம் மலையில் சேகரித்துக் கூட்டுறவுச் சங்கத்தில் போடுவார்கள். ஒரு குடும்பத்தின் கைக்காசில் பாதியோ அதற்கு மேலோ இதில்தான் வந்தது என்று 1990-களில் கணக்கெடுத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்கிற வேலை இது. கீரை ஆய்வதும் கிழங்கு தோண்டுவதும் முக்கியமாகப் பெண்களின் வித்தை. எந்தக் கொடிக்கு அடியில் எந்த மாதம் கிழங்கு முற்றும் என்று தாயார் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பாள்.

அதற்கும் வந்தது ஆபத்து. வனவிலங்குச் சட்டத்தில் செய்த திருத்தத்தைக் காட்டி, 2000-களின் நடுவில் விற்பனைக்காக எதையும் காட்டிலிருந்து எடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். நெல்லிக்காய் மரத்திலேயே பழுத்து உதிர்ந்தது. நெல்லி பறித்துப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கியவள் கூலி வேலை தேடிக் காப்பித் தோட்டத்துக்குப் போனாள்.

புலிக்கு ஒரு பங்கு

"காட்டில் மனிதன் இருந்தால் புலி எப்படி இருக்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எல்லாக் காட்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. வேட்டைக் கும்பல் புகுந்த காடுகள் உண்டு. ஆடு மாடு மேய்ந்து மொட்டையான காடுகளும் உண்டு. வனக் காவலர்கள் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் சோலிகர்களின் பழக்க வழக்கங்களைக் கேட்டால் யோசிக்கத் தோன்றுகிறது. புலியை வீரப்பன் என்று... அவசரப்படாதீர்கள், நீங்கள் நினைக்கிற ஆசாமி அல்ல! 'ஹுலி வீரப்பா' என்று புலியைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். பாறையிலிருந்தும் மரத்திலிருந்தும் தேன் எடுத்தால் புலிக்கு என்று ஒரு பங்கைத் தரையில் வைத்துவிட்டு வருவார்களாம். "புலியால் மரம் ஏறித் தேனெடுக்க முடியாதே, பாவம்! ஈ கொட்டிவிடுமே!" என்பது அவர்கள் சொல்லும் காரணம். புலி தேன் சாப்பிடுமா என்று நான் விசாரிக்கவில்லை. விருந்தாளி சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இலை போடுவது நம் வீட்டிலும் வழக்கம்தானே?

மலைக்குள் பார்கவி ஆற்றங்கரையில் 'தொட்ட சம்பிகெ' என்று ஒரு செண்பக மரம் இருக்கிறது. பெரிய செண்பகம் என்று அர்த்தம். பல நூறு வருஷம் ஆன மரம். அதன் அடியைச் சுற்றி வேர்களுக்கு நடுவே சிறு கற்களை நட்டுப் பூஜை செய்கிறார்கள். சோலிகர்களுக்குக் கோயில் கட்டடத்தை விட இந்த மரம்தான் பெரிய கோயில்.

இப்படி அந்த மலை முழுவதும் இடங்கள் உண்டு. ஒவ்வொரு குலத்துக்கும் காட்டில் ஒரு பகுதி. அதற்கு 'எல்லெ' என்று பெயர். நம்முடைய எல்லைதான், வேறு ஒன்றும் இல்லை. ஒரு எல்லெக்குள் தேவரு என்ற தெய்வத்தின் இடம் ஒன்று, மாரம்மாவுக்கு ஒன்று, வீரு என்ற காவல் ஆவிக்கு ஒன்று, அப்பி என்ற நீரூற்று, இறந்தவர்களுக்குக் கல் நடுகிற கல்லுகுடி. ஆக, பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாம் அந்த எல்லைக்குள் அடக்கம். சர்க்கார் வரைபடத்தில் இவை ஒன்றுகூடக் கிடையாது. அதில் இருந்தவை பிளாக்கும் பீட்டும் நம்பரும்தான்.

கிழவர்கள் முன்னே நடந்தார்கள்

1981-ல் டாக்டர் சுதர்சன் என்பவர் இந்த மலையில் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தைத் தொடங்கினார். பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் வைத்தியம் செய்ய ஆரம்பித்து, பள்ளிக்கூடம் வரை கொண்டுவந்து சேர்த்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த சோலிகப் பிள்ளைகள் வளர்ந்து, சட்டப் புஸ்தகத்தைப் பிரித்துப் படிக்கத் தொடங்கிய போதுதான் கதை திரும்பியது.

2006-ல் பார்லிமெண்டு வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2008 முதல் அது நடைமுறைக்கு வந்தது. காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு நிலத்தின் மீது மட்டுமல்ல, காட்டில் விளைவதைச் சேகரிக்கவும், அந்தக் காட்டைக் காத்துப் பராமரிக்கவும் கூட உரிமை உண்டு என்கிறது அந்தச் சட்டம். ஆனால் உரிமை கேட்கிறவன் அத்தாட்சி காட்ட வேண்டுமே! பத்திரம் எழுதி வைக்காத ஜனங்கள் எதைக் காட்டுவார்கள்?

இடத்தைக் காட்டினார்கள். பெங்களூரிலுள்ள அட்ரீ என்ற ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் இந்த மலையில் பல வருஷமாக வேலை செய்து வந்தார்கள். அவர்களும் படித்த சோலிக இளைஞர்களும் ஒவ்வொரு குலத்தின் முதியவர்களையும் முன்னே நடக்கவிட்டுப் பின்னே போனார்கள். கிழவர் ஒரு கல்லைத் தொட்டு, "இது எங்கள் மாரம்மா" என்பார். பையன் கையிலிருக்கும் கருவி அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளும். ஓடை, ஊற்று, பழைய போடு, நடுகல் என்று நூற்றுக்கணக்கான இடங்கள் இப்படிக் காகிதத்தில் ஏறின. எல்லாவற்றையும் சேர்த்து வரைந்து பார்த்தால், ஆளில்லாக் காடு என்று நினைத்த இடம் ஊரும் தெருவுமாக நிறைந்திருந்தது.

இதற்கிடையில் 2011 ஜனவரியில் அந்த மலையைப் புலிகள் காப்பகமாக அறிவித்துவிட்டார்கள். சோலிகர்களைக் கலந்து பேசவில்லை. கலந்து பேச வேண்டும் என்று சட்டமே சொல்லியிருந்தும் இப்படி நடந்தது. நாகரஹொளெயிலிருந்து ஜேனு குறும்பர்கள் வெளியேற்றப்பட்ட கதை இவர்களுக்குத் தெரியாதா? போடுகளில் கலவரம். ஊர்வலம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள், கிராம சபைகளைக் கூட்டித் தங்கள் வரைபடங்களை மேஜையில் வைத்தார்கள்.

அதே வருஷம் காந்தி ஜயந்தியன்று, 1,000 வருஷத்து வழக்கைத் தீர்த்தது போல, 25 கிராம சபைகளுக்குச் சமுதாய வன உரிமைப் பத்திரம் கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற ஜனங்களுக்கு இந்த உரிமை கிடைத்தது இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை.

பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். "காட்டைப் பராமரிக்கும் உரிமை எங்களுக்கு உண்டென்றால், எப்படிப் பராமரிப்போம் என்று நாங்களே திட்டம் போட வேண்டாமா?" என்று உட்கார்ந்தார்கள். சோலிகர் சங்கத்தாரும் கல்யாண கேந்திரமும் அட்ரீயும் சேர்ந்து, புலியையும் காட்டையும் ஜனங்களையும் ஒன்றாக வைத்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதினார்கள். நெல்லி பறிக்கப் போகுமுன் மரத்துக்கு மரம் காய்ப்பை மதிப்பிட்டு, எவ்வளவு எடுப்பது, எவ்வளவு மானுக்கும் விதைக்கும் விடுவது என்று பார்க்கிற முறையை ஏற்கெனவே ஆராய்ச்சிக்காரர்களுடன் சேர்ந்து பழகியிருந்தார்கள். நம் வீட்டில் மாதக் கடைசியில் அரிசிப் பானையை எட்டிப் பார்க்கிற கணக்குத்தான் அது. களையை எங்கே எடுப்பது, எல்லெகளை யார் கவனிப்பது என்பதெல்லாம் சுலபமாகத் தீர்ந்துவிடக்கூடிய சங்கதிகள். ஒரு விஷயத்தில்தான் பெரிய சண்டை. அது நெருப்பு.

சருகுத் தீ

உண்ணிச் செடி உங்களுக்குத் தெரியும். மஞ்சளும் சிவப்பும் ரோஜா நிறமுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். கசக்கினால் ஒரு நெடி அடிக்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அமெரிக்கச் செடி. வேலி தாண்டிக் காட்டுக்குள் போயிற்று. பிலிகிரி ரங்கன் மலையில் 1997-ல் ஒரு தடவையும் 2008-ல் ஒரு தடவையும் அளந்து பார்த்தார்கள். அந்தப் பதினொரு வருஷத்தில் உண்ணிச் செடி பிடித்த இடம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. அது தலைக்கு மேல் புதராக மண்டினால் அடியில் புல் முளைக்காது, இளங்கன்று எழும்பாது. புல் இல்லாவிட்டால் மானும் காட்டெருமையும் எங்கே போகும்? அவை போய்விட்டால் புலி எதைத் தின்னும்?

ஏன் இப்படிப் பரவிற்று என்று சோலிகக் கிழவர்களைக் கேட்டார்கள். "நெருப்பு வைப்பதை நிறுத்தினீர்கள் அல்லவா? அதனால்தான்" என்று பதில் வந்தது.

'தரகு பெங்கி' என்பது அவர்களுடைய பழைய வழக்கம். தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு. இலையுதிர ஆரம்பிக்கிற காலத்திலேயே, நிலத்தில் ஈரம் முழுவதும் வற்றுமுன், சருகு மெல்லிய படுக்கையாக இருக்கும்போது அதற்குத் தீ வைப்பார்கள். முழங்கால் உயரம்கூட எழாமல் அது ஊர்ந்து போகும். பெரிய மரத்துக்குச் சேதம் இல்லை. உண்ணியின் நாற்றும் விதையும் கருகும். உண்ணிப் பூச்சியும் ஒழியும். அடுத்த மழைக்குப் புல் தளதளவென்று வரும். நெல்லி மரத்தைப் பிடிக்கிற புல்லுருவியைக்கூட அந்தப் புகையும் சூடும் அடக்கி வைத்திருந்தது என்கிறார்கள். நெருப்பை நிறுத்திய பிறகு புல்லுருவி பெருகி நெல்லி மரங்கள் பட்டுப் போவதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

தடுக்கப்பட்ட நெருப்பு ஒரேயடியாகப் போய்விடவும் இல்லை. வருஷா வருஷம் சருகு சேர்ந்து மெத்தையாகிறது. உண்ணிப் புதர் வேனிலில் காய்ந்து விறகாகிறது. மார்ச், ஏப்ரலில் எங்கேயோ ஒரு பொறி விழுந்தால் போதும், தீ புதரைப் பிடித்து ஏறி மரத்தின் உச்சிக்குப் போய்விடுகிறது. பெருக்காமல் விட்ட அடுப்படி மாதிரிதான்.

வன அதிகாரிகளின் பயத்தையும் சொல்ல வேண்டும். "சிறு நெருப்பு என்று வைப்பார்கள், காற்று அடித்தால் என்ன செய்வது? இன்று வைக்கிற பையனுக்குத் தாத்தாவின் கைநிதானம் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். விஞ்ஞானிகளுக்குள்ளும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. சோலிகர்களும் நாளைக்கே தீப்பெட்டியைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. இவ்வளவு புதர் மண்டிய காட்டில் பழையபடி தீ வைத்தால் எல்லாமே போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியாதா? முதலில் உண்ணியை வெட்டி அகற்ற வேண்டும். பிறகு சின்னத் துண்டில் வைத்துப் பார்க்க வேண்டும். வெட்டிய உண்ணித் தண்டைச் சும்மா எரிக்காமல், மூங்கிலுக்குப் பதிலாக அதில் நாற்காலியும் கூடையும் முடையக் கற்றுக்கொண்டு இந்தப் பக்கத்து மலைகளில் சிலர் சம்பாதிக்கவும் செய்கிறார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

2010-ல் 35 புலிகள் என்று மதிப்பிட்ட அந்த மலையில் 2014-ல் 68 புலிகள் என்று கணக்கு வந்தது. பத்திரிகைகளில் பெரிசாகப் போட்டார்கள். புலி உட்கார்ந்து தலையெண்ணச் சொல்லும் பிராணி அல்ல. வருஷத்துக்கு வருஷம் எண் மாறும். அதனால் இந்தக் கணக்கை வைத்துச் சோலிகர்களால்தான் புலி பெருகிற்று என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் 16,000 ஜனங்கள் காட்டிலும் காட்டோரத்திலும் இருந்துகொண்டிருக்கும் போதே அது பெருகிற்று என்பதை யாரும் மறுக்க முடியாது.

2022-ல் அந்த மலையில் புதிசாக ஒரு குளவி இனத்தைக் கண்டுபிடித்த அட்ரீ விஞ்ஞானிகள், அதற்குச் 'சோலிகா' என்று பேர் வைத்தார்கள். மைத்துனர்களின் பெயரைக் குளவிக்கு வைக்கிற அளவுக்கு மரியாதை வளர்ந்திருக்கிறது. ஆனால் அவர்கள் எழுதிய திட்டத்தைச் சர்க்கார் முழுசாகக் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. 2017-ல் புலிகள் பாதுகாப்பு ஆணையம், காப்பகங்களின் மையப் பகுதியில் வன உரிமை கொடுக்க வேண்டாம் என்று உத்தரவு போட்டது. மறு வருஷம் அதை வாபஸ் வாங்கியது. 2024 ஜூனில் அதே ஆணையத்திலிருந்து இன்னொரு கடிதம்: நாட்டிலுள்ள புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் 591 கிராமங்களும் 64,801 குடும்பங்களும் இருக்கின்றன, அவர்களை வெளியே குடியேற்றக் கால அட்டவணை போடுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. சம்மதம் இல்லாமல் யாரையும் நகர்த்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் மின்சாரம் வராத, ரோடு போடாத இடத்தில் இருக்கிறவளிடம் போய்ச் சம்மதம் கேட்டால், அவள் எத்தனை நாளைக்கு "மாட்டேன்" என்று சொல்வாள்?

2013 முதல் நம் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகம்தான். திம்பம் பாதையில் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் போது ஜன்னல் வழியே தெரிகிற காட்டில் சோளகர் ஊர்கள் இருக்கின்றன. அங்கேயும் இதே கேள்விகள்தான். இரண்டு மலைக்கும் இடையில் புலி தாராளமாகப் போய் வருகிறது.

பிலிகிரி ரங்கன் மலையில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மறுபடி தேன் வருகிறது. கிராம சபைகள் கூடுகின்றன. சருகுத் தீக்கு மட்டும் சட்டம் இன்னும் வழி விடவில்லை. சரணாலயத்தில் நெருப்பு வைத்தால் குற்றம். எந்த நாளில், எந்தக் காற்றில், எந்தச் சரிவிலிருந்து வைக்க வேண்டும் என்பதைச் செய்து பழகியவர்கள், 1974-க்கு முன்பே கை தேர்ந்தவர்கள். அவர்களில் இளையவருக்கே இன்று எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.